இட்லித் துணி வாங்கப் போனவர்கள்

எங்கள் பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே ஒரு மரமல்லி மரம் உண்டு. அதனடியில் நின்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழை வரப்போகிற நேரம். பூ பூத்துக் கொட்டியிருந்தது. அந்த வாசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு அது மூக்கில் ஏறவே இல்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஜோடி ஜோடியாக வெளியே போயிருந்தார்கள். எல்லோரும் திரும்பிவிட்டார்கள். ஒரே ஒரு ஜோடி வரவில்லை. அதில் ஒருத்தி என் மகள் கயல். இன்னொருத்தி அவள் தோழி நிலோஃபர். இருவருக்கும் பன்னிரண்டு வயது. இருவர் கையிலும் போன் கிடையாது.

அடையாறிலிருந்து பஸ்ஸில் மயிலாப்பூர் போய், கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதியில் இட்லித் துணி வாங்கிக்கொண்டு, பஸ்ஸிலேயே திரும்பி வரவேண்டும். வேலை அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டு மணிக்குள் வந்திருக்க வேண்டும். மணி அடித்தாகிவிட்டது. பிள்ளைகள் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தும் வைத்தாகிவிட்டது.

போன இதழில் எங்கள் பிள்ளைகள் அடுப்பு மூட்டிச் சமைப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்களுக்கெல்லாம் பயமே கிடையாதா?" என்று கேட்டிருக்கிறார். தாயே, பயத்தைத் தவிர வேறு எதுவும் எனக்குக் கிடையாது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக் கடை

எங்களுடையது சின்னப் பள்ளிக்கூடம். அடையாறில் உள்தள்ளிய ஒரு தெருவில், பழைய வீடு ஒன்றில் நடக்கிறது. சின்ன வகுப்புகளில் பரீட்சை கிடையாது. டீச்சர்களை அக்கா, அண்ணா என்றுதான் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். நான் 'வசு அக்கா'. என் மகளே பள்ளிக்கூட வாசலைத் தாண்டினால் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

கையால் செய்து கற்றுக்கொள்வது எங்கள் வழி. பின்னத்தை அடையைத் துண்டு போட்டுக் கற்றுக்கொள்வார்கள். நீராவியை இட்லிப் பானையில் பார்ப்பார்கள். ஏழாம் வகுப்புக்கு வெள்ளிக்கிழமைதோறும் ஒரு டிபன் கடை. என்ன சமைப்பது, எங்கே வாங்குவது, எவ்வளவுக்கு விற்பது எல்லாம் அவர்கள் பாடு. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். உப்பைக் கொட்டிவிட்டாலும் கேட்காமல் வாயைத் திறக்கக்கூடாது. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

அந்த வருடம் அவர்கள் போட்ட இட்லி தட்டில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தது. துணி போட்டு ஊற்றினால் ஒட்டாது என்று யாரோ சொல்ல, இட்லித் துணி வாங்குவதென்று முடிவாயிற்று. ஒரு ஜோடி தி. நகருக்குக் கரண்டி வாங்க, ஒரு ஜோடி மார்க்கெட்டுக்குக் காய் வாங்க, கயலும் நிலோஃபரும் மயிலாப்பூருக்குத் துணி வாங்க.

"ஏன் டீச்சர், இட்லித் துணி அடையாறுலயே கிடைக்குமே?" என்று நிலோஃபரின் அம்மா ஷமீம் அப்போதே கேட்டார். கிடைக்கும். எங்களுக்குத் துணியா முக்கியம்? பஸ் ஏறத் தெரியவேண்டும், வழி கேட்கத் தெரியவேண்டும், திரும்பி வரத் தெரியவேண்டும். அதைக் கரும்பலகையில் எழுதிப்போட முடியாதே.

கிளம்பும் முன் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி ஏற்றிய பாடம் ஒன்று உண்டு. வழி தப்பிவிட்டால் அங்கே இங்கே ஓடாதே. கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நில். தேடுகிறவர்கள் அங்கேதான் வருவார்கள். பக்கத்துக் கடையில் போன் கேட்டு, சட்டைப் பையில் இருக்கிற சீட்டிலுள்ள நம்பருக்குப் பேசு.

பெற்றோருக்கும் ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தெரியாமல் பின்னால் போகக்கூடாது. நம்புகிறேன் என்று வாயால் சொல்லிவிட்டு ஒளிந்து ஒளிந்து போவது, பிள்ளையிடம் பொய் சொல்வதுதான். எல்லாப் பெற்றோரும் வட்டமாக உட்கார்ந்து இதற்குச் சரி சொல்லியிருந்தார்கள். வட்டத்தில் முதல் ஆளாகக் கையைத் தூக்கியவன் என் கணவன் முரளி.

பயந்தாங்கொள்ளி

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் தி. நகரில் வளர்ந்தவள். படித்தது கண்டிப்பான பெண்கள் பள்ளி. கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்கார்ந்தால் நல்ல பெண். மண்புழுவின் படத்தைப் பாகம் குறித்து அழகாக வரைந்து பரிசெல்லாம் வாங்கியிருக்கிறேன். தோட்டத்தில் ஒரு மண்புழுவைப் பார்த்தபோது அலறிக்கொண்டு நாற்காலி மேல் ஏறினேன்.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் அப்பா ஸ்கூட்டரில் கொண்டு விட்டார், கூட்டி வந்தார். தனியாக பஸ் ஏறியது படிப்பெல்லாம் முடிந்து, ஒரு இன்டர்வியூவுக்குப் போனபோதுதான். எதிர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜன்னலுக்கு வெளியே தெரியாத ஊராக வருகிறது. கண்டக்டரிடம் கேட்க வாய் வரவில்லை. பாலவாக்கத்தில் எல்லோரும் இறங்கினார்களே என்று நானும் இறங்கி, கடல் காற்றில் நின்று அழுதேன். பட்டம் வாங்கிய கழுதை, சின்னக் குழந்தை மாதிரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

என் பெண் அப்படி நிற்கக்கூடாது என்றுதான் இந்தப் பள்ளியில் நானும் சேர்ந்தேன், அவளையும் சேர்த்தேன். ஆனால் பயம் கூடவே வந்துவிட்டது. கயல் கத்தியால் வெங்காயம் நறுக்கினால் என் விரல் வலிக்கும். மரம் ஏறினால் எனக்குத் தலை சுற்றும்.

முரளி இதற்கு நேர் எதிர். கல்லூரியில் என்னோடு படித்தவன், அதனால் எங்களுக்குள் வா, போதான். "உங்கம்மா ஒரு பயந்தாங்கொள்ளி" என்று கயலிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். "சின்ன விஷயத்துக்கெல்லாம் அம்மாவைக் கூப்பிடாத, அவ பயந்துடுவா. அப்பாவுக்கு ஒரு போன் போடு." இதை அவன் சொல்லும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அன்று காலை கயல் செருப்பை மாட்டும்போது என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. முரளி என் தோளில் தட்டினான். "விடு வசு. அவ பாத்துப்பா. உலகத்துல எல்லாப் புள்ளைங்களும் பஸ்ல போகுது." ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிட்டான். எப்படி இந்த மனுஷனுக்கு மட்டும் நெஞ்சு கல்லாக இருக்கிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

மரமல்லிக்கு அடியில்

மழை பிடித்துக்கொண்டது. பெரிய பெரிய சொட்டாக விழுந்து, கொஞ்ச நேரத்தில் தெருவே தெரியவில்லை. மழைநீர் வடிகாலுக்கென்று எங்கள் தெருவையும் தோண்டிப் போட்டிருந்தார்கள். பள்ளத்தைச் சுற்றி ஒரு சிவப்பு நாடாதான் காவல். கண்முன்னாலேயே அந்தப் பள்ளம் நிரம்பித் தெருவோடு தெருவாகச் சமமானது. அங்கே பள்ளம் இருக்கிறது என்று தெரிந்த எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மயிலாப்பூரில் இதைப்போல எத்தனை பள்ளம் இருக்கும்? மெட்ரோ வேலைக்காக ஊரையே குடைந்து வைத்திருக்கிறார்களே. மழைத் தண்ணீரில் மின்கம்பி கிடந்தால்? யாராவது கூப்பிட்டுப் போயிருந்தால்? அதற்கு மேல் நினைக்க முடியாமல் மனசு திரும்பி வரும். வந்த வேகத்தில் மறுபடி அங்கேயே போகும். 

உள்ளேயிருந்து ரெஜினா குடையோடு வந்தாள். என்னோடு ஏழாம் வகுப்பைப் பார்த்துக்கொள்கிறவள், சாந்தோம்காரி, எதற்கும் பதற மாட்டாள். அவள் முகமே வெளுத்திருந்தது.

"பேரன்ட்ஸ் குரூப்புல ஒருத்தர் போட்டிருக்காங்க வசு. மந்தைவெளியில இன்னிக்குக் காலையிலருந்து பஸ்ஸை வேற வழியா திருப்பி விடறாங்களாம். மயிலாப்பூர் கோயில் குளத்து ஸ்டாப்புல எந்த பஸ்ஸும் நிக்கலையாம்."

"அப்ப எங்கதான் நிக்குதாம்?"

"லஸ் கார்னருக்கு அந்தப் பக்கம்னு ஒருத்தர் சொல்றாரு. இன்னொருத்தர் இல்லங்கறாரு."

குளத்து ஸ்டாப்பில் இறங்கு, கோபுரத்தைப் பார்த்து நட என்று படம் போட்டுக் கற்றுக்கொடுத்தது நாங்கள். குளமே வராவிட்டால் பிள்ளைகள் எங்கே இறங்கியிருப்பார்கள்?

முரளிக்குப் போன் போட்டேன். கட் செய்தான். மறுபடி போட்டேன். மறுபடி கட். 'மீட்டிங்ல இருக்கேன்' என்று ஒரு மெசேஜ் வந்தது. மீட்டிங்காம்! போனைத் தூக்கி அந்தப் பள்ளத்தில் வீசலாமா என்று இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியவர் ஷமீம். திருவல்லிக்கேணியில் அவர்களுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. அவர்தான் கல்லாவில் உட்காருவார். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் என்று நிலோஃபரைச் சீக்கிரம் கூட்டிப்போக வந்திருந்தார். ஜரிகைத் துப்பட்டா, கையில் மருதாணி. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தவர், பக்கத்தில் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"என்ன டீச்சர்? நிலோ எங்க?"

சொன்னேன். வேறு என்ன செய்வது. இன்னும் வரவில்லை, பஸ் வழியை மாற்றியிருக்கிறார்கள், பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. மருதாணிக் கையால் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்ல யாருக்கும் இஷ்டமில்ல டீச்சர். பொம்பளப் புள்ளய எதுக்குத் தனியா அனுப்பறேன்னு சண்டை. நீங்க இருக்கீங்கன்னு சொல்லித்தான் அனுப்பினேன். உங்க பொண்ணும் கூடப் போகுதுன்னு சொன்னீங்க. அதனாலதான் அனுப்பினேன்."

என் பிள்ளை தொலைந்தால் என் நெஞ்சு வெடிக்கும். அது என்னோடு போகும். இன்னொருத்தி பெற்ற பிள்ளையை நான் வார்த்தை கொடுத்து அனுப்பியிருக்கிறேனே, அதற்கு என்ன செய்வேன்? அந்த நிமிடம் எனக்கு இந்தப் பள்ளிக்கூடமே வெறுத்துப் போயிற்று. கையைக் கட்டி, வாயைப் பொத்தி உட்கார்ந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சாயங்காலம் வீடு போய்ச் சேர்ந்தார்கள் அல்லவா?

"போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிடலாம்" என்றாள் ரெஜினா. "நான் இங்க இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க."

ஷமீம் வந்த ஆட்டோவிலேயே ஏறினோம். டிரைவர் வண்டியைத் திருப்பும்போது ஷமீமின் போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மி, நான்தான். நாங்க லஸ் பக்கத்துல இருக்கோம். ஒண்ணும் ஆகல. துணியெல்லாம் வாங்கியாச்சு."

"யா அல்லா" என்று ஷமீம் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் தோளில் சாய்ந்தே விட்டேன்.

"ஆனா அம்மி, கயலோட அப்பாவைக் காணோம்."

காணாமல் போனவர்

கயலின் அப்பா ஆபீசில் மீட்டிங்கில் இருக்கிறான். அவன் எப்படி லஸ்ஸில் காணாமல் போவான்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இறங்கிய பயம் மறுபடி ஏறியது. முரளிக்கு அடித்தேன். இந்தத் தடவை எடுத்தான். பின்னால் மழைச் சத்தம், ஹார்ன் சத்தம்.

"வசு..." என்றான். குரல் உடைந்திருந்தது. "வசு, நான் ஒண்ணு சொல்லணும். திட்டாத. கொழந்தைங்களைக் காணோம். நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். எங்க போனாங்கன்னே தெரியல. எல்லாத் தெருவும் தேடிட்டேன்." பெரிய ஆண்பிள்ளை அழுகிறான்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. இந்த தைரியசாலி அன்று ஆபீசுக்கே போகவில்லை.

"லஸ்ஸுக்கு வா. கொழந்தைங்க அங்க இருக்காங்க" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். மீதியை நேரில் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

லஸ்ஸில் மெட்ரோவுக்காக ஆள் உயரத்துக்குத் தகரம் அடித்து அடைத்திருந்தார்கள். அந்தத் தகரத்தோரம், நீல நிறத் தார்ப்பாய்க்கு அடியில், பூக்கூடையோடு ஒரு அம்மா. தார்ப்பாய்க்கு வெளியே, கொட்டுகிற மழையில், கயலும் நிலோஃபரும் கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். இட்லித் துணிப் பொட்டலத்தை பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள் கயல். ஷமீம் ஆட்டோ நிற்கும் முன்பே குதித்துவிட்டார்.

நான் கயலைக் கட்டிக்கொண்டேன். நனைந்த தலையை முகர்ந்தேன். அவளோ என் பிடியிலிருந்து கழுத்தை நீட்டித் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூக்காரம்மா விட்டாரே பார்க்கலாம். "இன்னாமா, நீதான் இதுங்க அம்மாவா? இம்மா நேரம் எங்கம்மா போய்க்கினு இருந்த? உள்ள வந்து குந்துங்கடீன்னா கேக்க மாட்டேங்குதுங்க. 'எங்கப்பா இங்கதான் நின்னாரு, திரும்பி வருவாரு, நான் நகந்தா என்னைப் பாக்க மாட்டாரு'ன்னு அதையே சொல்லிக்கினு கீது இந்தப் பொண்ணு. என் போனைக் குட்த்து அடிக்கச் சொன்னா, அந்தாளு கட் பண்ணிக்கினே கீறான். நல்ல அப்பன்மா!"

பிறகு பிள்ளைகளும் முரளியும் சொன்னதைக் கோத்துப் பார்த்தபோது நடந்தது இதுதான். முரளி ஸ்கூட்டரில் பஸ்ஸுக்கு முன்னாலேயே போய், குளத்து ஸ்டாப்பில் ஒரு பெட்டிக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறான். பஸ் வரவே இல்லை. வழி மாறியது அவனுக்குத் தெரியாது.

பிள்ளைகளுக்கும் தெரியாதுதான். ஆனால் குளம் வரவில்லையே என்று கண்டக்டரிடம் கேட்டு, அவர் சொன்ன இடத்தில் இறங்கி, வழி விசாரித்து நடந்து, துணியும் வாங்கிவிட்டார்கள். திரும்பி பஸ் ஏற லஸ்ஸுக்கு வந்தபோது, தகரத்துக்கு அந்தப் பக்கம் முரளி நின்றிருக்கிறான். ஹெல்மெட் இல்லாமல், சட்டையெல்லாம் நனைந்து, வருகிற பஸ்ஸுக்குள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரிடம் ஏதோ கேட்டுக்கொண்டு.

கயல் "அப்பா! அப்பா!" என்று கத்தியிருக்கிறாள். மெட்ரோ மெஷின் போடுகிற கூச்சலில் அவன் காதில் விழவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டான்.

நிலோஃபர், ஸ்கூலுக்குப் போய்ச் சொல்லலாம் என்றிருக்கிறாள். கயல் மறுத்துவிட்டாள். அப்பா இந்த நேரத்தில் இங்கே வருகிறவர் இல்லை. முகத்தைப் பார்த்தால் அழுகிற மாதிரி இருந்தது. அவருக்கு ஏதோ ஆகிவிட்டது, வழி தெரியாமல் அலைகிறார். தொலைந்தவரைக் கடைசியாகப் பார்த்த இடத்தில்தானே நிற்கவேண்டும்? நின்றுவிட்டாள். நாங்கள் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்துவிட்டாள்.

முரளி தெரியாத நம்பரை எடுக்கவே மாட்டான். லோன் வேணுமா, கார்டு வேணுமா என்று கேட்கிறவர்கள்தான் கூப்பிடுவார்கள் என்று பார்க்காமலே கட் செய்துவிடுவான். அன்று மகளைத் தேடிக்கொண்டே மகளின் போனைக் கட் செய்துகொண்டிருந்தான்.

"எனக்குப் போன் பண்ணியிருக்கலாமே கண்ணு? சீட்டுல என் நம்பர் இருக்கே?" என்று கேட்டேன்.

"நீ பயந்துடுவேன்னு அப்பா சொல்லியிருக்காரு இல்ல?" என்றாள் கயல்.

என் பயம் என் பெண்ணை மழையில் நிறுத்தியிருக்கிறது. அதைக் கேட்டு நான் நடுத்தெருவில் அழுதேன். கடைசியில் நிலோஃபர்தான் பொறுக்க மாட்டாமல் அந்தப் போனைப் பிடுங்கி அவள் அம்மாவுக்கு அடித்திருக்கிறாள்.

முரளி வந்து சேர்ந்தான். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடிவந்தான். கயல் அவன் கையைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினாள்.

"எங்கப்பா போன? தொலைஞ்சா நின்ன இடத்துலயே நிக்கணும்னு உனக்குத் தெரியாதா? எவ்வளவு நேரம் நான் நிக்கறது?"

நான் சேர்த்து வைத்திருந்த திட்டு அத்தனையும் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு, "தெரியலம்மா, தப்புதான்" என்றான். இன்றைக்கும் இந்தப் பேச்சு வந்தால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான்.

வட்டம்

எங்கள் பள்ளியில் யாராவது விதியை மீறினால் தலைமை ஆசிரியர் அறைக்கு அனுப்புவதில்லை. எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்கார்ந்து பேசுவோம். அடுத்த வாரம் ஏழாம் வகுப்பு முரளியை வட்டத்துக்குக் கூப்பிட்டது. ஷமீமும் வந்திருந்தார். முரளி சம்மணம் போட முடியாமல் காலை அப்படியும் இப்படியும் மடக்கிக்கொண்டிருந்தான்.

"அங்கிள், நீங்க எங்களை நம்பலையா, பஸ்ஸை நம்பலையா?" என்று நிலோஃபர் கேட்டாள்.

முரளி மடக்கிய காலை நீட்டிவிட்டான். "எனக்கும் பயம்தான்" என்றான். "வசுவை விட எனக்குத்தான் ஜாஸ்தி பயம். அவ வெளியில சொல்லிடறா. நான் அவளைக் கேலி பண்ணிக்கிட்டே இருந்துட்டேன்."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இது எனக்குத் தெரியாது. எனக்கு அவன்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஷமீம் பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார் என்றே நான் நினைத்திருந்தேன். அந்த வாரம் முழுக்க அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் சொன்னார்: "கண்டக்டரைக் கேட்டு இறங்கியிருக்காங்க. மாட்டிக்கிட்டதும் என் பொண்ணு எனக்குப் போன் பண்ணியிருக்கா. எனக்கு அது போதும், அனுப்பறேன். நீங்க உங்க வீட்டுக்காரரை மட்டும் வீட்டுல கட்டிப் போடுங்க டீச்சர்." வட்டமே சிரித்தது. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு இல்லை. அடுத்த முறை உன் வார்த்தையை நான் நம்பமாட்டேன், என் பெண்ணைத்தான் நம்புவேன் என்கிற பார்வை அது.

பிள்ளைகள் தீர்ப்புச் சொன்னார்கள். முரளி அங்கிள் தனியாக, ஸ்கூட்டர் இல்லாமல், போன் இல்லாமல், பஸ்ஸில் மயிலாப்பூர் போய் இன்னொரு இட்லித் துணி வாங்கி வரவேண்டும். சாப்பாட்டு மணிக்குள். ஸ்கூட்டர் வாங்கிய நாளிலிருந்து அவன் டவுன் பஸ்ஸில் கால் வைத்ததில்லை.

போனை ரெஜினாவிடம் கொடுத்தான். சீட்டைச் சட்டைப் பையில் வைத்தான். தெருமுனையில் திரும்பும்போது எங்களைப் பார்த்துக் கையசைத்தான். முகம் சுண்டிப் போயிருந்தது.

பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். நான் வழக்கம்போல மரமல்லி மரத்தடிக்கு வந்தேன். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் வந்து யாரோ என் விரலைப் பிடித்தார்கள். கயல். உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது.

"மந்தைவெளியில ரூட் மாறும்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"கேட்டுத் தெரிஞ்சுப்பாரு."

"அவரு யாரையும் கேக்க மாட்டாரும்மா."

பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். மேகம் கட்டிக்கொண்டு வந்தது. முன்பு தோண்டிய பள்ளம் அப்படியே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தெருமுனையில் நிழலாடும்போதெல்லாம் இருவரும் எட்டிப் பார்த்தோம். யார் யாரோ வந்தார்கள்.

"போறது ஈஸிம்மா" என்றாள் கயல். "இங்க நிக்கறதுதான் பயமா இருக்கு."

"ஆமா."

"நீ எப்பவும் இப்படித்தான் நிப்பியா?"

"ஆமா கண்ணு."

உள்ளே சாப்பாட்டு மணி அடித்தது. தெருவில் யாரும் இல்லை. கயல் என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்.

"அம்மா, ஒரே ஒரு ஆட்டோ பிடிச்சு, பின்னால போய்ப் பாத்துட்டு வந்துடலாமா? தூரத்துல இருந்துதான். அப்பாவுக்குத் தெரியவே வேணாம்."